நாய்க்குத் தனி டப்பா

எதிர்வீட்டுத் தனசீலன் தன் வாழ்நாளில் ஒரு லட்சம் பெட்டியாவது கட்டியிருப்பார். தாராவியில் ஒரு தோல்பைக் கார்கானாவில் முப்பத்தொரு வருஷம் பேக்கிங் வேலை. பை தைக்கிறவனுக்கு இருக்கிற மதிப்பு பெட்டி கட்டுகிறவனுக்குக் கிடையாது. ஆனால் தைத்த பை கசங்காமல் கௌஹாத்தி போய்ச் சேர்ந்தால் அது தன்னால்தான் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை. என் வீட்டு மிக்ஸி ஒருமுறை ரிப்பேருக்குப் போனபோது, நான் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "சார், இது குர்லா கூடத் தாண்டாது" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே பிரித்து மறுபடி கட்டினார். எனக்குக் கோபம் வந்தது. மிக்ஸி ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்ததும் நிஜம்.

பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகிப் போன பிறகு அவர் மனைவி ஏஞ்சலம்மாள் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி பொமரேனியன், பாதி செம்பூர்த் தெரு. வறுத்த ரவையின் நிறம், அதனால் பெயர் ரவா. ஐந்து கிலோவுக்கு மேல் அது வளரவே இல்லை. தனசீலனுக்கு அப்போது நாய் ஆகாது. தட்டைத் தாண்டிப் போனால்கூடச் சத்தம் போடுவார். ஏஞ்சலம்மாள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை முற்றி இறந்துபோனார். அதன்பிறகு அவர் நாயோடு பேசுவது என் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பார், மழை வரும்போலிருக்கிறது என்பார், ஷைனி போனே பண்ணவில்லை பார் என்பார். சில நாள் அவர் பேசிய ஒரே ஆள் அந்த நாயாகத்தான் இருக்கும்.

சென்ற வருஷம் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டுவது என்று முடிவானது. மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மூன்று வருஷத்தில் புது வீடு உண்டு. தனசீலன் வாடகைக்கு இருந்தவர், அவருக்கு அந்தக் கவலையும் இல்லை, அந்த ஆசையும் இல்லை. நான் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டேன். அவருடைய மகன் டேனி இதே ஊரில், சான்பாடாவில் இருக்கிறான். "எங்கூட வந்துருங்கப்பா" என்று சொல்லிவிட்டான். ஒரே ஒரு சிக்கல், டேனியின் நான்கு வயதுப் பையனுக்கு வீசிங். நாய் முடி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் ஷைனி, "ரவாவை எங்கிட்ட விட்டுருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். மகள் வீட்டில் போய் உட்காருவது தனசீலனுக்கு ஒவ்வாது. ஆக அப்பா மகன் வீட்டுக்கு, நாய் மகள் வீட்டுக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

தனசீலனுக்கு மகன் வீட்டுக்குப் போக அவ்வளவு ஆசை. தனியாக இருந்து அலுத்துவிட்டது அவருக்கு. அதை அவர் வாயாலேயே சொன்னார்.

"சார், ராத்திரி முழிப்பு வந்தா, வீட்டுக்குள்ள எவனாவது இருமுனாக் கூடப் போதும்னு இருக்கு."

ரவாவை நான் வைத்துக்கொண்டிருக்கலாம். இந்த இடத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "உங்க புது வீட்டுல நாய்க்கு ஒத்துக்கிடுவாங்களா சார்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் விடமாட்டார் என்றேன். வீட்டுக்காரரை நான் கேட்கவே இல்லை.

ஆகவே, ஐந்து கிலோ நாயை ஆயிரத்தறுநூறு கிலோமீட்டர் பத்திரமாக அனுப்ப வேண்டும். தனசீலன் அதை ஒரு பெரிய ஆர்டரைப் போல எடுத்துக்கொண்டார். முதலில் மாட்டுங்காவில் கால்நடை டாக்டரிடம் காட்டினார். டாக்டர் காது வைத்துக் கேட்டுவிட்டு, வயது ஒன்பது ஆகிறது, இதயம் கொஞ்சம் பலவீனம், ஊசிகளெல்லாம் சரியாக இருக்கின்றன, பயணத்துக்குச் சான்றிதழ் தருகிறேன், ஆனால் தூக்க மாத்திரை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் கொடுக்காதீர்கள் என்றாராம். சூடும் பயமும் ஒன்றாக வந்தால் அந்த இதயம் தாங்காது, பழகிய ஆள் பக்கத்தில் இருந்தால் பயம் பாதி குறையும் என்றும் சொன்னாராம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தனசீலன் என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

செல்லப் பிராணிகளை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்க்கவே ஒரு கம்பெனி இருக்கிறது என்று டேனி நம்பர் அனுப்பினான். தனசீலனுக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் எல்லாம் கேட்டது. பேசியது மானசா என்கிற பெண், இனிமையான குரல்.

"பெட் பேரன்ட் நீங்கதானே அங்கிள்?"

"பேரன்ட்தாம்மா. ரெண்டு பிள்ளைங்க."

"இல்ல அங்கிள், டாகோட பேரன்ட்."

தனசீலன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டச் சொன்னேன். போனில் தலையாட்டி என்ன பயன், அதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தப் பெண் ஏசி வேன் என்றாள், மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணீர் என்றாள், வழியெல்லாம் போட்டோ அனுப்புவோம் என்றாள். தனசீலன் எல்லாவற்றுக்கும் ம்ம் கொட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன கை மாறும்மா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பெட்டி தூரத்தால் உடைவதில்லை. ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போகும்போதுதான் உடைகிறது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கண்டது அதுதான். மானசா நல்ல பெண், மழுப்பாமல் எண்ணிப் பார்த்தாள். வீட்டிலிருந்து எடுக்க ஓர் ஆள், பூனா வரைக்கும் ஒரு டிரைவர், அங்கிருந்து வேறொருவர், பெங்களூரில் வண்டி மாற்றி இன்னொருவர், மதுரையில் ஒருவர், பிறகு பாளையங்கோட்டை. விமானமென்றால் இன்னும் அதிகம். விமானத்தின் அடியில் சரக்கோடு வைத்து, சென்னையில் இறக்கி, வேறு விமானத்தில் ஏற்ற வேண்டும். நாய் முகம் தெரியாத ஏழெட்டுப் பேரைப் பார்க்கும்.

"வேணாம்மா. கோவிச்சுக்கிடாத" என்று வைத்துவிட்டார்.

வாடகைக் காரும் பார்த்தார். தான் கூடவே போகலாம், கை மாறாது. ஆனால் ஒரே டிரைவர் இரண்டு நாள் ஓட்டுவான், அவன் எப்போது தூங்குவான் என்று கேட்டதற்கு, "தூக்கமா, எனக்கா?" என்று சிரித்தானாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் ஓர் அறையை முழுதாக எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று நான் படித்துச் சொன்னேன். ஆனால் ஊருக்கு நேரே போகும் வண்டியில் அந்த வகுப்பே இல்லை. வேறு வண்டியென்றால் சென்னையில் இறங்கி மாற வேண்டும், இரண்டிலும் அறை முழுதாகக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸுக்குத் தனியாகப் போய்வந்தார். மாடிப்படி ஏறும்போதே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"சார்! டப்பா இருக்காம் சார்! நாய்க்குன்னே தனி டப்பா! அதே வண்டியில, கார்டு பக்கத்துல!"

பம்பாய்த் தமிழனுக்கு டப்பா என்றால் ரயில் பெட்டி. லேடீஸ் டப்பா, ஃபர்ஸ்ட் கிளாஸ் டப்பா, பின்னாடி டப்பாவில் ஏறு, நடு டப்பாவில் நிற்கிறேன். பிறந்தது முதல் இப்படியே பேசிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பார்சல் கிளார்க் இந்தியில், நாய்க்கு டப்பா உண்டு, நீங்களும் அதே வண்டியில் போக வேண்டும், தண்ணீர் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். தனசீலன் மனசில் ஒரு முழுப் பெட்டி வந்து நின்றுவிட்டது. ஜன்னல், பெஞ்சு, மின்விசிறி, அவரவர் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். என் மனசிலும் அதேதான் வந்தது. ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் விதிமுறை படித்தவன் நான், எனக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கே ஷைனிக்குப் போன் போட்டார்.

"டப்பாவா?" என்றாள் அவள். "நாயைப் போயி டப்பாலயாப்பா அடைச்சுக் கொண்டாருவாங்க?"

"ஏட்டி, பாளையங்கோட்டைக்குப் போயி பம்பாய் பேச்சையே மறந்துட்டியா? டப்பான்னா ரயில் பெட்டிட்டி! நானும் ரவாவும் ஜம்முனு உக்காந்து வருவோம்."

"அப்படியாப்பா? எனக்கு மறந்தே போச்சு" என்று அவளும் சிரித்தாள்.

டிக்கெட் எடுத்தோம். ஒரு வாரம் அவர் ஓயாமல் வேலை பார்த்தார். பிளைவுட்டில் ரவாவுக்கு ஒரு பெட்டி செய்தார், டப்பாவில் மற்ற நாய்கள் சண்டைக்கு வந்தால் உள்ளே விட. நான்கு பக்கமும் காற்றுத் துளை, மூலையில் சிந்தாத கிண்ணம், அடியில் ஏஞ்சலம்மாளின் பழைய பருத்திப் புடவை நான்காக மடித்து. துளைகளின் விளிம்பில் கையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், சிராய் இருக்கக்கூடாது என்று. ரவாவை உள்ளே வைத்து மாடிப்படி இறங்கி ஏறினார். மூன்றாம் நாள் ரவா தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. தனசீலன் பேரனுக்கு ஒரு மர லாரியும் செய்து வைத்திருந்தார். டேனி வீட்டு ஹாலில் ஜன்னலோரம் தன் கட்டில், பக்கத்தில் பேரன் விளையாடுவான், சாயங்காலம் கீழே கூட்டிப்போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாயைப் பிரிவது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும் நாள் வழியனுப்ப நானும் கூடப் போனேன். மே மாத வெயில் சாயும் நேரம். பார்சல் ஆபீஸில் டாக்டர் சான்றிதழைப் பார்த்தார்கள், ரவாவை எடை போட்டார்கள், ரசீது தந்தார்கள். எல்லாம் மரியாதையாகவே நடந்தது. பிறகு ஓர் ஊழியர் எங்களை வண்டியின் கடைசி வரைக்கும் கூட்டிப்போனார். கார்டு ஏறும் பெட்டி அது. பாதி சரக்கு, பாதி அவர் அறை. அறையை ஒட்டித் தரையோடு தரையாக ஓர் இரும்புக் கூண்டு, அதற்கு ஒரு கம்பிக் கதவு. ஊழியர் குனிந்து அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

தனசீலன் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அதற்கு அப்பால் பார்த்தார், அந்தப் பக்கம் டப்பாவுக்கு வழி இருக்கும் என்பதுபோல.

"டப்பா எங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"இதுதான் டப்பா" என்றார் ஊழியர்.

ஷைனி சொன்ன டப்பா. அவள்தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பம்பாய்க்காரர்களும் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தனசீலன் கூண்டுக்குள் கையை நீட்டி உள்தகட்டைத் தொட்டார். உடனே எடுத்துக்கொண்டார். பகல் முழுக்க வெயிலில் நின்ற வண்டி. கார்டு நல்ல மனிதர். வண்டி கிளம்பினால் காற்று வரும், சூடு இறங்கிவிடும், எத்தனையோ நாய்கள் போகின்றன, பெரிய ஸ்டேஷன்களில் நீங்கள் ஓடிவந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பிளைவுட் பெட்டி அந்தக் கதவுக்குள் நுழையாது. பெட்டியோடுதான் வைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் சரக்கோடு வைக்கலாம், இடம் இருக்கிறது என்றார். தனசீலன் சரக்கைப் பார்த்தார். எவரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் மேலே பார்க்கும் அம்பு அச்சடித்த பெட்டிகள். முன்வரிசையில் நான்கில் மூன்று பெட்டிகளின் அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரவா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கியது. ஒன்றரை நாள், தனியாக. அவருடைய படுக்கை பதினான்கு பெட்டிகளுக்கு முன்னால்.

"சார், நீங்களா இருந்தா அனுப்புவீங்களா?"

அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால், அப்போ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பாரோ என்று பயம். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேப்போமா?" என்றேன். வெட்கக்கேடு.

அவர் கார்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் வந்த வழியே நடந்தார். ஒரு கையில் ரவா, ஒரு கையில் துணிப்பை, பின்னால் பிளைவுட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான். அவர் படுக்கை இருந்த பெட்டியைத் தாண்டும்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்ஸியில் வரும்போது, வேறு டிரைவர் பார்த்து வாடகைக் காரில் போகலாமே என்று நான் சொன்னேன்.

"இனிமே பாக்க மாட்டேன் சார். பாத்துக்கிட்டே இருந்தா எதுக்காவது ஒத்துக்கிடுவேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே லோக்கல் பிடித்து, ஊர்க்கோடியில் இருக்கும் டோம்பிவிலிக்குப் போனார். கார்கானாவில் கூட வேலை பார்த்த ஒருவர் அங்கே இருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறை, நாய்க்கு மறுப்பில்லை. அறை இருட்டு, ஆனால் வாசலில் ஒரு பாதாம் மரம் இருக்கிறது என்று வந்து சொன்னார். ஷைனியிடம் சொன்னபோது அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு அவள் குழந்தை கூப்பிட, வைத்துவிட்டாள். டேனியிடம் சொல்வதுதான் அவருக்குப் பெரிய வேலையாகப் போயிற்று. இரண்டு நாள் தள்ளிப்போட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரவாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

"டேனி விடமாட்டான் சார்" என்றார். "கோவப்படுவான். அவங்க அம்ம மாதிரி. பதிலை யோசிச்சு வச்சுக்கிடணும்."

அவன் என்னென்ன கேட்பான் என்று அவரே எண்ணிச் சொன்னார். தனியாக எப்படி இருப்பீர்கள் என்பான். தனியாக இல்லையே, ரவா இருக்கிறதே என்று சொல்லலாம். உடம்புக்கு ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்பான். அந்தத் தெருமுனையிலேயே டாக்டர் இருக்கிறார், போர்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். மூன்றாவதுதான் கஷ்டம். பேரன் உங்களைத் தேடுவானே, அவனுக்கு நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டால்? அதற்குப் பதில் கிடைக்க அவருக்கு ஒரு டீ முழுதும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவேன், குளித்து வேறு துணி உடுத்திக்கொண்டு, ஒரு முடி ஒட்டாமல் வருவேன். அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மகன் தன்னோடு சண்டை போடப்போகிறான் என்கிற சந்தோஷம்.

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டேனி, நல்லாயிருக்கியாய்யா? ஒண்ணுமில்ல, ரவாவை அனுப்ப முடியல பாத்துக்க. அந்த டப்பா சரியில்ல. அதான், நான் டோம்பிவிலில ஒரு ரூம் பாத்துருக்கேன். நானும் ரவாவும் அங்கயே இருந்துக்கிடலாம்னு..."

அவர் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரிப்பா" என்றான் டேனி.

உடனே சொன்னான். யோசித்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னால் குழந்தையின் சத்தமும் குக்கர் சத்தமும் கேட்டன.

"பாத்து இருந்துக்கோங்க. சாமான் எடுக்க டெம்போ வேணும்னா சொல்லுங்கப்பா, எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்."

"சரிய்யா."

"வச்சிரட்டுமா?"

"வையி."

டேனி கெட்ட பிள்ளை இல்லை. சின்ன வீடு, மூச்சுக்குத் திணறும் குழந்தை, தினமும் மூன்று மணி நேரம் லோக்கலில் நின்றுகொண்டு போய்வரும் வேலை. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை நான் எழுதாமல் விட்டால் அது பொய். என்மேல் வந்த ஆத்திரத்தையும் சேர்த்துத்தான்.

தனசீலன் போனைச் சட்டைப்பையில் போட்டார். மறுபடி எடுத்து, அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி போட்டார். கீழே படுத்திருந்த ரவாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்.

"தனியா எங்கட்டி இருக்கேன், நீதான் இருக்கல்லா" என்றார் அதனிடம். கொஞ்சம் பொறுத்து, "டாக்டரு தெருமுக்குலயே இருக்காரு" என்றார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறப்பதற்கு முன் மூன்றாவது பதிலும் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்துருவேன்னு சொல்லுய்யா அவங்கிட்ட. குளிச்சிட்டு, வேற துணி உடுத்திட்டு வருவேன்."